எட்டாவது ஓட்டு

எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்த அன்று என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. இளவட்டமாக இருந்த காலத்திலிருந்து கட்சிக்குக் கொடி கட்டியவர், விளம்பரம் எழுதச் சுவர் பிடித்தவர், மாநாட்டுக்கு ஆள் ஏற்றிப் போனவர். அந்த வார்டு தனக்குத்தான் என்று எழுதாத பத்திரம் ஒன்றை மனதில் வைத்திருந்தார். உரக்கடையை மத்தியானமே பூட்டிவிட்டு வந்து, கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார்.

மறுநாள் காலையில் எழுந்து குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, "ஒன்னோட ஆதாரு, வோட்டர் ஐடி ரெண்டையும் எடு" என்றார்.

"எதுக்கு?"

"நீதான் கேண்டிடேட்டு."

எங்களுக்குள் நடந்த ஆலோசனை அவ்வளவுதான். அன்றைக்கே ஸ்டூடியோவில் கும்பிட்டபடி ஒரு போட்டோ எடுத்தார்கள். அதைப் போட்டு அடித்த பேனரில் தலைவர்களுக்குக் கீழே அவர் முகம் பெரிதாக இருந்தது. என் முகம் ஓரத்தில், ஒரு வட்டத்துக்குள்.

ஓட்டுக் கேட்டுப் போன இடமெல்லாம் அவர் பேசினார். நான் கும்பிட்டேன். ஒரு தெருவில் ஒரு பெண், "நீ வாயத் தொறந்து பேச மாட்டியாத்தா?" என்று என்னைக் கேட்டாள். "அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்று அவரே பதில் சொன்னார். பிரச்சாரம் முடிகிற வரைக்கும் என் தொண்டை கட்டியேதான் இருந்தது.

என் ஆத்தா அப்போது வல்லத்திராக்கோட்டையில் தம்பியோடு இருந்தாள். அப்பா போன பிறகு எங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு போர்த் தண்ணீரில் நெல்லும் கடலையும் போட்டு ஆளாக்கியவள். சர்க்கரை நோய் முற்றி சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரிக்கு நடக்கிற நிலைமையில் இருந்தாள். அப்படியும் ஒரு நாள் தம்பியின் பைக்கில் உட்கார்ந்து எங்கள் ஊருக்கு வந்தாள். எங்கள் வார்டில் அவளுக்குத் தெரிந்த நாலைந்து வீடுகள் இருந்தன. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மூச்சு வாங்க நின்று, "எம்புள்ளைக்குப் போடுங்க. இந்த ஆளுக்காகப் போட வேணாம், அவளுக்காகப் போடுங்க" என்றாள். இந்த ஆள் என்று அவள் கை காட்டிய இடத்தில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். அவர் சிரித்தார். ஓட்டு வந்தால் சரி என்று நினைத்திருப்பார்.

ஜெயித்துவிட்டேன். ஓட்டு எண்ணிய பள்ளிக்கூடத்துக்கு வெளியே மாலையை என் வீட்டுக்காரர் கழுத்தில் போட்டார்கள். தோளில் தூக்கிக்கொண்டு போனது அவரைத்தான். "கவுன்சிலர் வாழ்க" என்று கத்தினார்கள். நான் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது ஊர்வலம் தெருமுனை திரும்பியிருந்தது. பக்கத்து வார்டில் ஜெயித்த கடைவீதிப் பெண்ணும் தனியாகத்தான் நின்றாள். அவள் மரைக்காயர் வீட்டுப் பெண். புருஷன் சவுதியில். கொழுந்தன்தான் அவளுக்காக ஓட்டுக் கேட்டவன். அவன் தோளில் மாலை இருந்தது. இரண்டு கவுன்சிலர்களும் ஒரே ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போனோம்.

எங்கள் பேரூராட்சியில் பதினைந்து வார்டு. பேரூராட்சித் தலைவரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஜெயித்த கவுன்சிலர்கள் கூடி, சீட்டில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கள் கட்சி நிறுத்தியவர் கல் கிரஷர் வைத்திருந்த ஒரு பணக்காரர். அவர் பக்கம் எட்டுப் பேர், எதிர்ப்பக்கம் ஏழு பேர். ஒருத்தர் நழுவினாலும் கதை மாறிவிடும். அதனால் பதவிப் பிரமாணம் எடுத்த கையோடு எங்கள் எட்டுப் பேரையும் வெளியூர் கூட்டிப் போய் வைத்திருப்பது என்று முடிவு செய்தார்கள்.

பிரமாணத்துக்கு முந்தின நாள் நான் புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரியில் ஆத்தாவைப் பார்த்தேன். முகம் வீங்கி, கால் மினுமினுவென்று இருந்தது. டாக்டர் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். அவன் என்னிடம் என்ன பேசினார் என்று சொல்லவில்லை. நானும் வற்புறுத்திக் கேட்கவில்லை, அவன் முகமே சொன்னது.

"நாளைக்குப் பதவி ஏத்துக்கிட்டு அப்புடியே வந்துர்றேன் ஆத்தா" என்றேன்.

"வா, வா. கவுன்சிலரு வந்தாத்தான் இங்கிட்டு பெட்ஷீட்ட மாத்துவாளுக" என்றாள். அவள் பேசி நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான்.

பிரமாணம் முடிந்து வெளியே வந்தால் வாசலில் வேன் நின்றது. குலசாமி கோயிலுக்குப் போவது போல எல்லாரும் ஏறினார்கள். நான் வீட்டுக்காரரைத் தனியாக அழைத்து, "ஆஸ்பத்திரிக்குப் போகணும்ங்க" என்றேன்.

"ரெண்டே நாளு. நான் ஒன் தம்பிகிட்ட பேசிட்டேன். அவன் பாத்துக்குவான். இப்ப நீ எறங்கி நின்னா, நாம வெலை போயிட்டோம்னு ஊரே பேசும்."

ஏறினேன். வேன் ஊர் எல்லையைத் தாண்டியதும் தலைவராகப் போகிறவரின் மச்சினன் ஒரு ஜவுளிக்கடைப் பையை விரித்துப் பிடித்தான். பெண்கள் எல்லாரும் செல்போனை அதில் போட்டோம். கூட வந்த புருஷன்மார்களுக்கும் கொழுந்தன்மார்களுக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

குற்றாலத்துக்குக் கூட்டிப் போனார்கள். சீசன் இல்லை. அருவியில் பாறைதான் தெரிந்தது. லாட்ஜில் பெண்களுக்கு மேல்மாடி, ஆண்களுக்குக் கீழ். கீழே சீட்டாட்டமும் கோழி வறுவலுமாக ஒரே சத்தம். எங்களுக்கு ஒரு டி.வி. இருந்தது.

போன மறுநாள் காலையில் நான் கீழே இறங்கிப் போய் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "தம்பிக்கு ஒரு போன் போட்டுக் குடுங்க. ஆத்தாகிட்ட பேசிட்டுத் தந்துர்றேன்."

"இப்பத்தான் பேசுனேன். நல்லா இருக்காங்களாம். ரெண்டு இட்லி சாப்புட்டாங்களாம்" என்றார்.

"இட்லியா? நேத்து வரைக்கும் கஞ்சிகூட எறங்கலயே."

"அதான் சொல்றேன்ல, தேறிக்கிட்டாங்க."

நான் சந்தோஷப்பட்டேன். மேலே போய்க் கடைவீதிக் கவுன்சிலரிடம், எங்க ஆத்தா இட்லி சாப்பிட்டாளாம் என்று சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், காய்ந்து கொண்டிருந்த ஒரு துணியை எடுத்து மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

அன்று முழுக்க எல்லாரும் என்னிடம் அன்பாக இருந்தார்கள். மத்தியானம் சாப்பாட்டில் கேட்காமலே எனக்கு இன்னொரு மீன் துண்டு வைத்தார்கள். எப்போதும் என்னை "ஏம்மா" என்று கூப்பிடும் ஒரு மூத்த கவுன்சிலர், "உக்காரு தாயி, நான் தண்ணி எடுத்துத் தாரேன்" என்றார். தலைவராகப் போகிறவரே மேலே வந்து, ரூமில் ஃபேன் ஓடுகிறதா, கொசு கடிக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார். கட்சி என்பது ஒரு குடும்பம் போல என்று மேடையில் பேசுவதில் கொஞ்சம் உண்மை இருக்கும் போல என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஓட்டுப் போடுகிற நாள் விடியும்போது எங்கள் வேன் மதுரையைத் தாண்டியிருந்தது. கட்சிக் கரை போட்ட புதுச் சேலை ஒன்றை எல்லாப் பெண்களுக்கும் கொடுத்திருந்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு வரிசையாகப் பேரூராட்சி அலுவலகத்தில் இறங்கினோம். வாசலில் போலீஸ். உள்ளே செயல் அலுவலர் சீட்டைக் கொடுத்தார். போட்டேன். எண்ணினார்கள். எட்டு, ஏழு.

வெளியே சரவெடி. எனக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சால்வை போர்த்தினார்கள். புதுத் தலைவர் என்னைத் தேடி வந்து இரண்டு கையாலும் கும்பிட்டு, "ஒன்னய மறக்க மாட்டேன்மா" என்றார். மற்றவர்களை ஒரு கையால்தான் கும்பிட்டார். அதுகூட எனக்கு அப்போது வித்தியாசமாகத் தெரியவில்லை.

"கெளம்பு, வல்லத்திராக்கோட்டை போகணும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆஸ்பத்திரிக்கு இல்லயா? வீட்டுக்கு அனுப்பிட்டாங்களா?"

அவர் காரை எடுத்தார். ஊர் எல்லையைத் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி, என் தோளில் கிடந்த சால்வையை எடுத்து மடித்துப் பின் சீட்டில் வைத்தார்.

"ஒங்க ஆத்தா போயிட்டாங்க."

"எப்ப?"

"முந்தாநாளு."

முந்தாநாள் என்பது நாங்கள் வேனில் ஏறிய நாள். நாங்கள் லாட்ஜுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே அவள் போயிருந்தாள். மறுநாள் காலையில் அவள் இட்லி சாப்பிட்டதாக அவர் சொன்னபோது, வீட்டு வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள்.

"எடுத்துட்டாங்களா?" என்று கேட்டேன்.

"நேத்து சாயங்காலம். எவ்வளவு நேரம் வச்சிருப்பாங்க?"

நான் கத்தவில்லை. கத்தியதாகத்தான் எல்லாரும் பிறகு சொன்னார்கள், ரோட்டில் போனவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள் என்று. எனக்கு ஞாபகம் இருப்பது அவர் ஏசியைக் கூட்டி வைத்ததுதான்.

வீட்டு வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்த பெண்கள் என்னைப் பார்த்ததும் எழுந்து கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நினைத்தேன். யாரும் எழவில்லை. புதுச் சேலையும் நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாக இறங்கி நிற்கிறேன். வெடி மருந்து வாசனை என் தலைமுடியில் இருந்தது. ஒரு பெரியம்மா மட்டும், "வாய்க்கரிசி போட ஒனக்கு நேரமில்லாமப் போச்சு, இல்ல?" என்றாள்.

தம்பி தலையை மழித்து, துண்டோடு உள்ளே இருந்து வந்தான். என் சேலையைத்தான் பார்த்தான்.

"வாங்க கவுன்சிலர்" என்றான்.

"தம்பி, எனக்கு யாரும் சொல்லலடா. சத்தியமா இப்பத்தான், வண்டியில வர்றப்பத்தான்…"

"ஒன் போனுக்கு அடிச்சேன், ஆஃபு. மச்சானுக்கு அடிச்சேன். அவரு என்ன சொன்னாருங்குற? அக்காகிட்ட சொல்லிட்டேன் மாப்ள, அவ அழுகுறா, ஆனா ஓட்டுப் போட்டுட்டுத்தான் வரணும்னு அவளே சொல்லிட்டா, நீங்க ஆக வேண்டியதப் பாருங்கன்னாரு. நேத்து ஊரே நிக்குது. ஒத்தப் பொம்பளப் புள்ள வரட்டும்னு நான் பொணத்த வச்சுக்கிட்டு நிக்கிறேன். மறுபடி அடிச்சேன். எடுத்துருங்கன்னு நீ ஒன் வாயாலயே சொன்னதாச் சொன்னாரு."

நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பந்தலுக்கு வெளியே சொந்தக்காரர்களிடம் கைகுலுக்கிக்கொண்டிருந்தார். துக்க வீட்டில் கைகுலுக்கினார். ஜெயித்ததற்கு இரண்டு பேர் வாழ்த்தும் சொன்னார்கள்.

கருமாதிக்குத் தம்பி என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். சிங்கப்பூரில் இருக்கும் என் மகன்கூட போனில், "ஏம்மா போகல?" என்றுதான் முதலில் கேட்டான். நான் சொன்னேன். அவன் நம்பினானா என்று தெரியவில்லை. "சரி விடும்மா" என்றான்.

வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு முறைதான் கேட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லியிருந்தா நீ ஓடியிருப்ப. ஓடியிருந்தா ஏழுக்கு ஏழுன்னு நின்னுருக்கும். அதுக்கப்புறம் இந்த ஊருல நான் தலை காட்ட முடியுமா? செத்தவங்க எந்திரிச்சா வரப்போறாங்க? ரசம் ஊத்து."

ஊற்றினேன்.

கொஞ்ச நாளைக்கெல்லாம் அவருக்குச் சாக்கடை கட்டுகிற காண்ட்ராக்ட் ஒன்று ஒதுக்கினார்கள். ஊரில் கவுன்சிலர் என்றால் அவர்தான். நான் கவுன்சிலர் வீட்டம்மா. கூட்டம் நடக்கும் நாளில் என்னை வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, எந்தப் பக்கம் கையைத் தூக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவார்.

மூன்றாவதோ நாலாவதோ கூட்டம். இடைவேளையில் கடைவீதிக் கவுன்சிலர் என் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப் போனாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அழுதாள்.

"அக்கா, அல்லா அறியச் சொல்றேன், அன்னைக்கு எங்க எல்லாருக்கும் தெரியும். வேன்லயே தெரியும். டீக் குடிக்க நிறுத்துனப்ப எங்க கொழுந்தன் வந்து சொன்னான். ஒங்ககிட்ட வாயத் தொறந்தா, எங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டு என்னயப் பத்தி வேற மாதிரிச் சொல்லிருவேன்னான்."

மீன் துண்டு, தண்ணீர், ஃபேன், கொசு என்று ஒவ்வொன்றாக எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு வேன் நிறைய ஆட்கள் என் ஆத்தாவின் சாவை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு உபசாரம் செய்திருக்கிறார்கள். கடைவீதிக் கவுன்சிலர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் ஒருத்திதான் அன்று என் முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்தவள்.

அதற்குப் பிறகு ஒரு பொதுக்கூட்டம் போட்டார்கள். சந்தைத் திடலில் மேடை. எட்டுக் கவுன்சிலர்களையும் வரிசையாக உட்கார வைத்தார்கள். தலைவர் மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டே வந்தவர், என் பக்கம் கையை நீட்டினார்.

"இந்தா உக்காந்திருக்காளே என் தங்கச்சி, பெத்த தாய் செத்துக் கெடக்குறா. சேதி வந்துருச்சு. வேற யாரா இருந்தாலும் ஓடியிருப்பாங்க. இவ என்ன சொன்னா தெரியுமா? எனக்குத் தாயும் கட்சிதான், தகப்பனும் கட்சிதான்னு சொன்னா!"

திடல் முழுக்கக் கை தட்டினார்கள். விசில் பறந்தது. என் வீட்டுக்காரர் மேடைக்குக் கீழே நின்று, "எந்திரிச்சுக் கும்புடு" என்று சைகை காட்டினார். நான் உட்கார்ந்தே இருந்தேன். மறுநாள் அந்தப் பேச்சை யாரோ வீடியோவாக அனுப்பி, அது வல்லத்திராக்கோட்டை வரைக்கும் போயிற்று. அதோடு தம்பி என் நம்பரை பிளாக் செய்துவிட்டான்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் சந்தை விஷயம் வந்தது. ஊருக்கு நடுவில் இருந்த வாரச்சந்தையை எடுத்துவிட்டு அங்கே கடைகள் கட்டுவது, சந்தையை பைபாஸ் ரோட்டுக்குக் கொண்டுபோவது என்று தீர்மானம். பைபாஸில் சந்தைக்கென்று காட்டிய இடத்தை ஒட்டி இருந்ததெல்லாம் தலைவருடைய மனைகள். என் வார்டில் பாதிப் பெண்கள் அந்தச் சந்தையில் காய் விற்றுப் பிழைத்தவர்கள். கூடையைத் தலையில் வைத்து அவ்வளவு தூரம் யாரும் நடக்க முடியாது.

செயல் அலுவலர் தீர்மானத்தைப் படித்தார். "ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

ஏழு கை. தலைவர் என்னைப் பார்த்தார். என் கை மேஜை மேல் இருந்தது.

"என்னம்மா, கவனிக்கலயா? கையத் தூக்கு."

"கவனிச்சேன். நான் எதிர்க்கிறேன்" என்றேன். என் தொண்டையிலிருந்து அந்த மன்றத்தில் வந்த முதல் பேச்சு அது. "இன்னொன்னும் பதிஞ்சுக்கங்க. எங்க ஆத்தா செத்தது எனக்குத் தெரியாது. தாயும் கட்சிதான்னு நான் யாருகிட்டயும் சொல்லல. மேடையில பேசுனது பொய்."

"அது அஜெண்டாவுல இல்லம்மா" என்றார் செயல் அலுவலர். பதியவில்லை. தீர்மானம் தோற்றது.

அன்று வீட்டில் என் வீட்டுக்காரர் என்னை அடித்தார். அவர் அடிக்கிற ஆள் இல்லை என்று அதுவரை ஊரில் பேர். எனக்கும் அந்தப் பேர் மேல் நம்பிக்கை இருந்தது.

அதற்குப் பிறகு என் வார்டுக்குத் தண்ணீர் வருவது குறைந்தது. மற்ற வார்டுகளுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது. எங்களுக்கு வாரத்தில் ஒரு தடவை, அதுவும் அரை மணி நேரம். கேட்டால் மோட்டார் பழுது. சித்திரை வெயில். சந்தை தப்பியது என்று என்னை வாழ்த்திய அதே பெண்கள் காலிக் குடங்களோடு என் வாசலுக்கு வந்தார்கள்.

"ஒன் ரோஷத்துக்கு எங்க புள்ளைக குளிக்காமக் கெடக்கணுமா?"

"தலைவரு காலுல விழுந்தாவது தண்ணி வாங்கிக் குடு. இல்லாட்டி எறங்கிப் போ."

ஒருத்தி குடத்தை என் காலடியில் போட்டு உடைத்தாள். அவளுடைய கூடைக்காகவும்தான் நான் கையைத் தூக்காமல் இருந்தேன். அதை அவளிடம் எப்படிச் சொல்வது? என் வீட்டுக்காரர் உள்ளே டி.வி.யின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

ஒரு நாள் காலையில் வாசல் தெளிக்க வெளியே வந்தபோது எதிர்ச்சுவரில் என் படம் ஒட்டியிருந்தது. தேர்தலுக்கு எடுத்த அதே கும்பிடு. மேலே ‘கண்ணீர் அஞ்சலி' என்று பெரிய எழுத்து. அகால மரணமடைந்த எங்கள் வார்டு கவுன்சிலருக்கு என்று போட்டு, இறுதி ஊர்வலம் இன்று மாலை அன்னாரது இல்லத்திலிருந்து புறப்படும் என்றும், துயருடன் வார்டு பொதுமக்கள் என்றும் முடித்திருந்தார்கள். தெரு முழுக்க, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒட்டியிருந்தார்கள். பால்காரர் என்னைப் பார்க்காதது போலப் பாலை ஊற்றிவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் வெளியே வந்து நின்று நிதானமாகப் படித்தார்.

"படம் நல்லாத்தான் வந்திருக்கு" என்றார். உள்ளே போய்விட்டார்.

நான் ஒரு சுரண்டியை எடுத்துக்கொண்டு போய் என்னை நானே சுவரிலிருந்து சுரண்டினேன். பசை நன்றாகக் காய்ந்திருந்தது. முகம் மட்டும் போகவே இல்லை. கடைவீதிக் கவுன்சிலர் கேள்விப்பட்டு ஒரு வாளித் தண்ணீரோடு வந்தாள். தண்ணீர் இல்லாத தெருவில், கடைவீதியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். இரண்டு பேரும் சுவரை நனைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தபோது ஒரு பைக் வந்து நின்றது.

தம்பி. பின்னால் அவன் பெண்டாட்டி, மாரில் அடித்து அழுதபடி. பைக்கின் முன்னால் ஒரு ரோஜா மாலை தொங்கியது. போஸ்டரை யாரோ போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நான் செத்துவிட்டேன் என்று நம்பி வந்திருக்கிறான்.

கையில் சுரண்டியோடு நிற்கும் என்னைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். வண்டியை ஸ்டாண்டு போடக்கூடத் தோன்றாமல் அப்படியே விட்டான். வண்டி சாய்ந்து, மாலை மண்ணில் விழுந்தது. அவன் பெண்டாட்டி அழுகையை நிறுத்த முடியாமல் என் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"தம்பி…" என்றேன்.

"பாத்தியா?" என்றான். "நீ சாகாததுக்கே நான் வந்துட்டேன்."

கடைவீதிக் கவுன்சிலர் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவன் முன்னால் போய் நின்றாள். "தம்பி, அவுங்களுக்குத் தெரியாது. எங்க எல்லாருக்கும் தெரியும், அவுங்க ஒருத்தருக்குத்தான் தெரியாது. ஒங்க ஆத்தா இட்லி சாப்புட்டாங்கன்னு எங்கிட்ட சந்தோஷமா வந்து சொன்னாங்க. நான் கேட்டுக்கிட்டு நின்னேன்."

தம்பி அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அதற்குள் என் வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார்.

"மச்சான், இது நெசமா?"

"அன்னைக்கு நெலமை அப்புடி மாப்ள. உள்ள வாங்க, டீ சாப்புடுங்க."

அவன் அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றுகூட நினைத்தேன். அவன் அடிக்கவில்லை. தரையில் கிடந்த வண்டியைத் தூக்கி நிறுத்தினான். "எங்க ஆத்தா கண்ணு மூடலக்கா. நாந்தான் அழுத்தி மூடுனேன். நீ வரலன்னுதான் தொறந்திருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க" என்று என்னிடம் சொன்னான். பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அதை அவன் எனக்கு ஆறுதலாகச் சொன்னானா, தண்டனையாகச் சொன்னானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அன்று சாயங்காலம் என் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்திருந்தான்.

சந்தையும் கடைசியில் தப்பவில்லை. எதிர்ப்பக்கம் இருந்த ஏழு பேரில் ஒருத்தர் கொஞ்ச மாதத்தில் இந்தப் பக்கம் வந்துவிட்டார். அதே தீர்மானத்தை மறுபடி வைத்து நிறைவேற்றினார்கள். நான் மறுபடியும் எதிர்த்தேன், பதிந்துகொண்டார்கள். இப்போது என் வார்டுப் பெண்கள் பைபாஸில் வெயிலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். லாரி போகும்போது கீரை மேல் புழுதி படிகிறது. தண்ணீர் மட்டும் ஒழுங்காக வருகிறது. தலைவர் கொடுத்தது என்று சொல்கிறார்கள். மாதக் கூட்டத்துக்கு நான் இப்போது பஸ்ஸில் போகிறேன், தனியாக. தெருவிளக்கு, குப்பை வண்டி என்று ஏதாவது எழுந்து நின்று பேசுகிறேன். சில சமயம் கேட்கிறார்கள்.

ஆத்தாவின் இரண்டாவது தெவசத்துக்குத் தம்பி போன் செய்தான். "நீ வா" என்றான். "அவர" என்று ஆரம்பித்து, நிறுத்திவிட்டான்.

எனக்கு முன்னாலேயே என் வீட்டுக்காரர் போயிருந்தார். தம்பி வீட்டு வாசலில் இரண்டு சவுக்குக் கம்பு நட்டு ஒரு பெரிய பேனர் கட்டியிருந்தார். ‘கவுன்சிலரின் தாயார் நினைவு நாள்' என்று எழுதி, நடுவில் தலைவர் படம், பக்கத்தில் என் வீட்டுக்காரர் படம், கீழ் மூலையில் ஒரு சின்னச் சதுரத்துக்குள் ஆத்தா. ஆதார் அட்டையில் இருந்து எடுத்த படம். தலைவர் கட்சிக்காரர்களோடு வந்து மாலை போடப்போகிறார் என்று போட்டோக்காரரையும் நிறுத்தி வைத்திருந்தார்.

தம்பி வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சண்டை போட்டு ஓய்ந்த முகம்.

நான் அடுப்படிக்குப் போய் வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்த கத்தியை வாங்கி வந்தேன். ஒரு பக்கக் கயிற்றை அறுத்தேன். மறுபக்கம் எனக்கு எட்டவில்லை. தம்பி வந்து கத்தியை வாங்கி, அதை அறுத்தான். பேனர் சடசடவென்று விழுந்தது.

"ஏய், தலைவரு வந்துக்கிட்டு இருக்காருடி" என்றார் என் வீட்டுக்காரர்.

"வரட்டும். எலை போட்டாச்சு, சாப்புட்டுப் போகட்டும்" என்றேன்.

அவர் போன் செய்து, தலைவரை வழியிலேயே திருப்பி அனுப்பினார். ஆத்தாவின் சதுரத்தை மட்டும் தம்பி வெட்டி எடுத்து உள்ளே கொண்டுபோனான். மீதியைக் கொல்லையில் வைக்கோல் போருக்கு மேல் போட்டு, காற்றுக்குப் பறக்காமல் நாலு கல்லை வைத்தான். மழை வரும் போல இருந்தது.

ஐயர் காரியம் முடித்துப் போனதும் எல்லாருக்கும் இலை போட்டார்கள். தம்பி என் வீட்டுக்காரருக்கும் ஓர் இலை போட்டான். போட மாட்டான் என்று நினைத்தேன். அவரும் உட்கார்ந்து, கூட்டு, பொரியல் எல்லாம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாயசத்தை இரண்டாவது தடவையும் வாங்கினார்.

திரும்பி வரும்போது அவர் காரில் ஏறிக்கொண்டேன்.

"ஒன் தம்பி பொண்டாட்டி நல்லாச் சமைச்சிருந்தா" என்றார்.

"ஆமா" என்றேன்.